மலை மாறினால் குரல் மாறும்: புதர்த் தவளைகளின் பின்னால் ஒரு மழைக்காலப் பயணம்

குன்னூர், திங்கள் இரவு

தென்மேற்குப் பருவமழை பிடித்துவிட்டது. நீலகிரியில் தொடங்கி அகத்தியமலை வரை தெற்கே இறங்கிக்கொண்டே போவதாகத் திட்டம். கூட வருபவர் கல்லூரியில் விலங்கியல் கற்பிக்கும் நண்பர். தேடுவது ஒரே ஒரு தவளைப் பேரினத்தை, அதாவது நெருங்கிய உறவுள்ள பல இனங்கள் சேர்ந்த ஒரு குழுவை: ராவோர்கெஸ்டெஸ். தமிழில் புதர்த் தவளைகள் என்று எழுதுகிறோம்.

மழைக்காலத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையில் ஒரு இரவாவது தங்கியவர்கள் இவற்றைக் கேட்டிருப்பார்கள். பார்த்தவர்கள் குறைவு. பெரும்பாலானவை இரண்டு முதல் நான்கு சென்டிமீட்டர்தான். இருட்டியதும் ஆண் தவளை ஒரு இலைமேல் ஏறி உட்கார்ந்து, தொண்டைப் பையை உடம்பளவுக்கு ஊதிக்கொண்டு 'டிக் டிக்' என்று ஆரம்பிக்கும். பல்லி, சில்வண்டு என்று நினைத்துக் கடந்து போய்விடுவோம்.

தவளை தேடப் போகிறவர்கள் முதலில் தண்ணீரைத் தேடுவார்கள். நாங்கள் இன்று ஓடைப் பக்கமே போகவில்லை. இந்தப் பேரினத்துக்குத் தலைப்பிரட்டையாகத் தண்ணீரில் நீந்தும் பருவமே கிடையாது. ஈரமான சருகுக்கு அடியிலோ இலையிலோ முட்டையிடும். முட்டைக்குள்ளேயே கால் முளைத்து, வால் கரைந்து, முழுத் தவளையின் சின்ன உருவமாகவே வெளியே வரும். நண்பர் சருகை மெல்ல விலக்கி ஒரு முட்டைக் கொத்தைக் காட்டினார். வெந்த ஜவ்வரிசி மாதிரி ஒளி ஊடுருவியது. உள்ளே குட்டி ஒன்று புரண்டது. உடனே சருகை மூடிவிட்டோம்.

குளமும் ஓடையும் வேண்டாம். ஆனால் காற்றில் ஈரம் இருந்தே ஆக வேண்டும். முட்டை காய்ந்தால் அத்தோடு முடிந்தது. இவை ஏன் சில மலைகளில் மட்டும் இருக்கின்றன, ஏன் மலைக்கு மலை இனம் மாறுகிறது என்ற கேள்விகளுக்கெல்லாம் பதில் அந்த ஈரத்தில்தான் இருக்கிறது.

இந்த ஊரின் பெயரிலேயே ஒரு இனம் உண்டு: ராவோர்கெஸ்டெஸ் கூனூரென்சிஸ். இந்தியத் தவளை ஆய்வாளர் எஸ். டி. பிஜூவும் பெல்ஜியத்தின் ஃபிராங்கி போஸைட்டும் 2009ல் ஒரே கட்டுரையில் விவரித்த 12 புதிய இனங்களில் ஒன்று. வெகுகாலமாகச் சுற்றுலாவும் தேயிலையும் நடக்கும் ஊர். அதன் வேலிச் செடியில் உட்கார்ந்து கத்தும் ஒரு உயிருக்கு 2009 வரை பெயர் இல்லை!

ஊட்டி, செவ்வாய்

காலையில் நல்ல குளிர். மத்தியானம் வரை விடுதியிலேயே உட்கார்ந்து வகைப்பாட்டுக் கதையைப் பேசித் தீர்த்தோம். அதை எழுதாமல் மேலே போக முடியாது.

1853ல் தாமஸ் ஜெர்டன், சென்னை ராணுவத்தில் மருத்துவராக இருந்தவர், நீலகிரியிலிருந்து ஒரு சின்னத் தவளையை விவரித்தார். இன்று அதற்கு ராவோர்கெஸ்டெஸ் டின்னியென்ஸ் என்று பெயர். அந்தக் காலத்தில் இப்படிப்பட்ட தவளைகளை 'இக்ஸாலஸ்' என்ற பேரினத்தில் போட்டுவந்தார்கள். அந்தப் பெயர் அதற்கு முன்பே ஒரு பாலூட்டிக்கு வைக்கப்பட்டிருந்தது. விலங்கியல் விதிப்படி ஒரே பெயரை இரண்டு பேரினங்களுக்கு வைக்க முடியாது. அதனால் பின்னால் வந்தவர்கள் 'ஃபிலாட்டஸ்' என்பதற்கு மாறினார்கள். குந்தர், பூலாஞ்சர் போன்ற விலங்கியலாளர்கள் லண்டனில் உட்கார்ந்து, இங்கிருந்து சாராயத்தில் ஊறி வந்த உடல்களைப் பார்த்துப் பெயர் வைத்தார்கள்.

சாராயத்தில் ஊறிய தவளைக்கு நிறம் போய்விடும். குரல் எப்படியும் இருக்காது. இந்தத் தவளைகளை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துக் காட்டும் இரண்டு பெரிய அடையாளங்களில் ஒன்று குரல், மற்றது மரபணு. இரண்டும் அவர்கள் கையில் இல்லை. அவர்கள் நம்பியது உடல் அமைப்பையும் மிஞ்சியிருந்த நிறக் குறிகளையும்தான். அதனால்தான் ஒரே இனத்துக்கு நாலைந்து பெயர்களும், நாலைந்து இனங்களுக்கு ஒரே பெயருமாகக் குவிந்தன. 2001ல் போஸைட்டும் ஆலன் துபுவாவும் சேர்ந்து அந்தக் குவியலை ஒரு பெரிய ஆய்வில் ஒழுங்குபடுத்தினார்கள். இன்று நாம் ஓரளவு தெளிவாகப் பேச முடிவது அந்த உழைப்பால்தான். பழைய அருங்காட்சியகப் பாட்டில்களைத் திறந்து ஒவ்வொன்றாகச் சரிபார்க்கும் வேலையைப் பெரிதாக யாரும் பாராட்டுவதில்லை. எனக்கு அது மிகப் பெரிய வேலையாகத் தெரிகிறது.

அப்புறம் மரபணு ஆய்வு வந்தது. ஜாவா, போர்னியோ பக்கத்து ஃபிலாட்டஸ் தவளைகளும் நம் மலைத் தவளைகளும் ஒரே கிளை இல்லை என்று தெரிந்தது. இலங்கையில் இருப்பவை பெரும்பாலும் 'சூடோஃபிலாட்டஸ்' என்ற தனிக் கிளை. மேற்குத் தொடர்ச்சி மலையில் பெருகியிருப்பது இன்னொரு கிளை. அதற்கு 2010ல் பிஜூவும் அவர் கூட்டாளிகளும் ராவோர்கெஸ்டெஸ் என்று புதுப் பேரினம் அமைத்தார்கள். பெங்களூரு சென்ட்ரல் கல்லூரியில் விலங்கியல் கற்பித்து, 1937ல் தென்னிந்தியத் தவளைகள் பலவற்றை விவரித்த சி. ஆர். நாராயண ராவின் நினைவாக வைத்த பெயர் அது.

சாயங்காலம் ஊருக்கு வெளியே ஒரு சோலையின் ஓரத்துக்குப் போனோம். ஒரே செடியில் இரண்டு ஆண் தவளைகள். ஒன்று வெறும் பழுப்பு. மற்றது முதுகு நெடுக வெளிர்க்கோடு போட்டது. நிறத்தை மட்டும் பார்த்தால் இரண்டு இனம் என்றுதான் எழுதத் தோன்றும். குரல் அச்சு அசலாக ஒன்றே. நண்பர் இரண்டையும் தனித்தனியாகப் பதிவு செய்து, கைப்பேசியில் ஒலி அலையின் படத்தைக் காட்டினார். 'டிக்' ஒலிகளின் எண்ணிக்கை, இடைவெளி, உச்சம் எல்லாம் பொருந்தின.

2011ல் தோடர்களின் பெயரால் தோடை என்றொரு இனமும் இந்த ஊட்டிப் பகுதியிலிருந்து விவரிக்கப்பட்டது. இந்த உயரத்தின் புல்வெளியும் சோலையும் சேர்ந்த நிலம்தான் இவற்றின் வீடு. நாங்கள் வந்த வழியில் அந்த நிலத்தின் பெரும்பகுதி சீகை மரமாகவும் தைல மரமாகவும் நின்றது. அவற்றுக்குள் நின்று வெகுநேரம் கேட்டுப் பார்த்தோம். சோலை ஓரத்தில் இருந்த இரைச்சலில் பாதிகூட இல்லை.

பொள்ளாச்சி வழியாக வால்பாறை, புதன்

மேட்டுப்பாளையம் இறங்கும்போதே சட்டை ஒட்ட ஆரம்பித்தது. கோவை தாண்டிப் பொள்ளாச்சி வரை காற்று முகத்தில் அறைந்தது. பாலக்காட்டு இடைவெளி வழியாக வரும் காற்று. நமக்கு இது ஒரு மத்தியானப் பேருந்துப் பயணம். புதர்த் தவளைக்குத் தாண்டவே முடியாத வழி.

மேற்குத் தொடர்ச்சி மலை குஜராத் எல்லையிலிருந்து கன்னியாகுமரி வரை நீண்டிருந்தாலும் இங்கே முழுதாக அறுபடுகிறது. நீலகிரியில் 2,637 மீட்டர் உயரத் தொட்டபெட்டா ஒரு பக்கம், ஆனைமலையில் 2,695 மீட்டர் ஆனைமுடி மறுபக்கம். நடுவில் சுமார் 30 கிலோமீட்டருக்கு மேல் அகலமான தாழ்நிலம். சோலைக் குளிரில் வாழப் பழகிய இரண்டு சென்டிமீட்டர் உயிர், வெயிலில் காயும் தென்னந்தோப்பையும் சோளக்காட்டையும் கடந்து மறுபக்கம் போக வாய்ப்பே இல்லை. ஓடையில் அடித்துக்கொண்டு போகத் தலைப்பிரட்டையும் கிடையாது. இப்படி லட்சக்கணக்கான ஆண்டுகள் பிரிந்து கிடந்தால், இரு பக்கத்துக் கூட்டமும் வேறு வேறு இனமாகத்தானே ஆகும்?

நாற்பது கொண்டை ஊசி வளைவு ஏறி வால்பாறை வந்து சேர்ந்தபோது இருட்டிவிட்டது. தங்கும் வீட்டின் பின்னால் காபிச் செடிகள். சாப்பிடுவதற்கு முன் பத்து நிமிடம் நின்று கேட்டேன். நேற்று ஊட்டியில் கேட்டது ஒன்றுகூட இங்கே இல்லை. எல்லாம் புதுக் குரல்கள். படித்துத் தெரிந்த விஷயம்தான். ஆனால் காதால் கேட்டபோது உடம்பு சிலிர்த்தது.

வால்பாறை, வியாழன்

நாள் முழுக்க மழை. அட்டைக்கு மூக்குப்பொடி கலந்த எண்ணெய் தடவிக்கொண்டு போனோம். அதையும் மீறி ஏறிவிட்டன.

வால்பாறை மேடு முழுக்கத் தேயிலை. நடுநடுவே திட்டுத் திட்டாகப் பழைய மழைக்காடு. அந்தத் திட்டுகளில் கெட்டுப்போனவற்றை மீட்க, இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு ஆட்கள் இங்கேயே தங்கி நாட்டு மரங்களை நட்டு வளர்த்து வருகிறார்கள். பெரிய மரங்களின் நிழலில் வளரும் காபித் தோட்டத்தில் புதர்த் தவளைகள் நன்றாகவே கத்துகின்றன. நிழல் இல்லாத தேயிலைக்குள் இறங்கியதும் கூட்டம் மெலிகிறது. நிழலும் சருகும் இருந்தால் ஈரம் நிற்கும். ஒரு தோட்டம் சில்வர் ஓக்கை மட்டும் விட்டுவிட்டு மற்ற மரங்களை வெட்டும்போது இழப்பது அந்த ஈரத்தையும் சேர்த்துத்தான். முதலாளிகள் இதைக் கணக்கில் எடுக்க வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

இங்குள்ள அந்திப்பாறைச் சோலையிலிருந்துதான் சுஷிலி என்ற இனம் விவரிக்கப்பட்டது. அதுவும் அந்த 2009 கட்டுரையில்தான்.

ஒரு மலைக்கு எத்தனை இனம் என்று எப்படி முடிவு செய்கிறார்கள்? பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் எஸ். பி. விஜயகுமார், கார்த்திக் சங்கர் குழுவின் வேலையை நண்பர் விளக்கினார். அவர்கள் ஒரு இடத்தில் உட்கார்ந்து புது இனம் தேடவில்லை. மேற்குத் தொடர்ச்சியின் ஒவ்வொரு மலைக்கூட்டத்துக்கும் போனார்கள். ஒவ்வொன்றிலும் அடிவாரம் முதல் உச்சி வரை வெவ்வேறு உயரங்களில் சேகரித்தார்கள். முதலில் மரபணு வழியாகக் கிளைகளைப் பிரித்து, பிறகு அந்தக் கிளைகளுக்கு உருவம், குரல், இருப்பிடம் மூன்றும் ஒத்துப்போகிறதா என்று பார்த்தார்கள். 2014ல் 9 புதிய இனங்கள் அப்படி வெளிவந்தன. 2016ல் வந்த அடுத்த ஆய்வு, இத்தனை கிளைகள் பிரிந்ததற்கு மலை இடைவெளிகள், உயர வேறுபாடு, பனியுகங்களின் குளிரும் வறட்சியும் என்று பல காரணங்கள் சேர்ந்து வேலை செய்திருப்பதைக் காட்டியது. பனியுகத்தில் உலகம் வறண்டபோது ஈரக்காடு உச்சிகளுக்குச் சுருங்கியது. மீண்டும் மழை வந்தபோது பரவியது. ஒவ்வொரு சுருக்கத்திலும் சில கூட்டங்கள் தனித்துவிடப்பட்டன.

2021ல் சோனாலி கார்க், பிஜூ ஆகியோர் இருந்த குழு மேலும் 5 புதிய இனங்களை விவரித்து, மொத்தப் பேரினத்தையும் 16 இனக்குழுக்களாகப் பிரித்தது. இன்று எழுபதுக்கும் மேற்பட்ட இனங்கள் பட்டியலில் இருக்கின்றன. அவற்றில் மிகப் பெரும்பான்மை இந்த ஒரே மலைத்தொடரில்தான்.

மிச்சம் எங்கே என்று கேட்டேன். ஒடிசாவின் சிமிலிபால் மலையிலும், மத்தியப் பிரதேசத்தின் அமர்கண்டக்கிலும், ஆந்திரக் கிழக்குத் தொடர்ச்சியிலும் கொஞ்சம். பிறகு வடகிழக்கு இந்தியா, மியான்மர், தாய்லாந்து, வியட்நாம், சீனாவின் யுனான், மலேசியா வரை ஒரு மெல்லிய நீட்சி. நடுவில் தக்காணத்தின் வறண்ட சமவெளியில் ஒன்றும் கிடையாது. ஒரு காலத்தில் அந்த வழியெங்கும் ஈரக்காடு இருந்திருக்க வேண்டும். அமர்கண்டக்கில் உட்கார்ந்து கத்தும் தவளை அந்தப் பழைய காட்டின் எச்சம். இதை நினைத்தபோது எனக்கு அமர்கண்டக்குக்கு உடனே டிக்கெட் போட வேண்டும் போல இருந்தது.

மூணாறு, சனி

உடுமலை, சின்னாறு, மறையூர் வழி. சின்னாற்றில் முள்காடும் வெயிலும். ஒரு மணி நேரம் ஏறினால் பனிமூட்டம்.

இரவிகுளம் பூங்காவில் பார்வையாளர்களை ராஜமலை வரைதான் விடுகிறார்கள். ஆனைமுடி உச்சிக்குப் போக யாருக்கும் அனுமதி இல்லை. அப்படித்தான் இருக்க வேண்டும். 2010ல் அந்த உச்சியிலிருந்துதான் ராவோர்கெஸ்டெஸ் ரெஸ்ப்ளென்டென்ஸ் விவரிக்கப்பட்டது. செம்மஞ்சள் நிறம், உடம்பெங்கும் சுரப்பிப் புடைப்புகள், குட்டைக் கால்கள். பேரினத்தின் மற்றவை செடியில் ஏறும்போது இது தரையிலேயே புல்லுக்கடியில் நடந்து திரிகிறது. தென்னிந்தியாவின் மிக உயரமான மலையில், காற்றும் குளிரும் பிய்க்கும் புல்வெளியில், அவ்வளவு பளிச்சென்ற நிறத்தில் ஒரு தவளை. அது அங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டு, மேகம் மூடிய ஆனைமுடியை ராஜமலையிலிருந்து பார்த்ததே எனக்குப் போதுமானதாக இருந்தது.

இந்த உயரத்துக்கு மேல் போக இடமில்லை என்பதுதான் அதன் ஆபத்து. வெப்பம் ஏறும்போது கீழ்ச்சரிவில் வாழும் இனங்கள் மேலே நகரலாம். உச்சியில் இருப்பது எங்கே போகும்? அதை மிக அருகிய நிலையில் உள்ள இனமாகப் பட்டியலிட்டிருக்கிறார்கள்.

ராத்திரி ஊருக்கு வெளியே ஒரு தோட்டத்துப் பாதையில் நடந்தோம். மூணாறென்சிஸ், பச்சைக் கண் கொண்ட க்ளோரோசோம்மா இரண்டும் இந்தப் பகுதிக்கு உரியவை. பச்சைக் கண்ணை ஒரு தடவையாவது பார்த்துவிட வேண்டும் என்று டார்ச்சோடு அலைந்தோம். கிடைக்கவில்லை. மழை வலுத்ததும் திரும்பிவிட்டோம்.

போடி, ஞாயிறு

போடிமெட்டில் இறங்கும்போது ஏலக்காய் மணம். போடிநாயக்கனூர் என்றால் எல்லோருக்கும் ஏலக்காய் ஏலம்தான் நினைவுக்கு வரும். தவளைக்காரர்களுக்கு இந்த ஊர் வேறு காரணத்துக்காக முக்கியம். 1891ல் பூலாஞ்சர் விவரித்த திருவிதாங்கூர்ப் புதர்த் தவளை, டிராவங்கோரிகஸ், கிடைத்த இடமாக அவர் குறித்தது போடிநாயக்கனூரைத்தான். அதற்குப் பிறகு வெகுகாலம் யார் கண்ணிலும் படவில்லை. அழிந்துபோனது என்றே பட்டியலில் ஏற்றினார்கள். பிறகு உயிரோடு மறுபடியும் கிடைத்தது.

சந்தோஷமான செய்திதான். ஆனால் இலங்கையில் இதன் சொந்தக்காரர்களான சூடோஃபிலாட்டஸ் தவளைகளில் பல இனங்கள் இன்று அருங்காட்சியகப் பாட்டிலில் மட்டுமே இருக்கின்றன. அங்கே ஈரக்காடு தேயிலைக்கும் காபிக்கும் போன வேகத்தில் அவையும் போயின. எத்தனை இனம் இருக்கிறது என்று எண்ணி முடிப்பதற்குள் காடு போய்விட்டால், இல்லாமல் போனது என்ன என்றுகூடச் சொல்ல முடியாது. வகைப்பாட்டை நான் இவ்வளவு பெரிய விஷயமாக நினைப்பது இதனால்தான்.

தேனி, ராஜபாளையம் வழியாகத் தென்காசி. செங்கோட்டை இடைவெளி பாலக்காட்டை விட மிகக் குறுகியது. பத்து கிலோமீட்டர்கூட வராது. குற்றாலத்துக்குச் சாரல் வருவது இதன் வழியாகத்தான். இவ்வளவு சிறிய இடைவெளிகூடத் தவளைக் கிளைகளைப் பிரித்திருக்கிறது. மலை தாழும் இடத்தில் வெப்பம் ஏறுகிறது, அவ்வளவுதான்.

கக்காச்சி, செவ்வாய்

களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் வர முன்கூட்டியே அனுமதி வாங்கியிருந்தோம். மணிமுத்தாறிலிருந்து மாஞ்சோலை, அப்புறம் கக்காச்சி. கூட வந்த வேட்டைத் தடுப்புக் காவலர் அம்பாசமுத்திரம் பக்கத்துக்காரர். இந்த மலையை உள்ளங்கையாக அறிந்தவர்.

இங்கே இரண்டு இனங்களுக்காக வந்தோம். ஒன்று இந்த இடத்தின் பெயரையே கொண்ட கக்காச்சி, 2012ல் விவரிக்கப்பட்டது. மற்றது கலஸோடெஸ். குந்தர் 1876ல் விவரித்த இனம். அதற்குப் பிறகு நூற்று முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக யாரும் பார்த்ததாகப் பதிவில்லை. தொலைந்துபோன இந்தியத் தவளைகளைத் தேடும் திட்டத்தில் கிடைத்து, 2011ல் அறிவிக்கப்பட்டது. பளிச்சென்ற பச்சை முதுகு, சாம்பல் நீலத் தொடை, கறுப்புக் கண்ணில் தங்கப் புள்ளிகள்.

ஓடையோரத்து நாணல் மூங்கில் புதருக்குள் அழைத்துப் போனார் காவலர். "சத்தம் மூங்கிலுக்குள்ளருந்துல்லா வருது, நல்லாக் கேளுங்க சார்" என்றார். நிஜமாகவே தண்டுக்கு உள்ளிருந்துதான் வந்தது.

கே. எஸ். சேஷாத்ரி, கே. வி. குருராஜா, டேவிட் பிக்ஃபோர்ட் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 2015ல் கலஸோடெஸின் இந்த மூங்கில் வாழ்க்கையை உலகுக்குச் சொன்னார்கள். மூங்கில் கணுக்களின் நடுவே ஒரு சின்னப் பிளவு இருக்கும். ஆண் தவளை தன் உடம்பைவிடக் குறுகிய அந்தப் பிளவுக்குள் நெளிந்து நுழைகிறது. உள்ளேயிருந்து கத்துகிறது. பெண் வந்து உட்சுவரில் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். ஆண் முட்டைகளோடு தங்கிக் காவல் இருக்கிறது. அப்பனை எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்று சேஷாத்ரி பின்னர் சோதித்தார். காவல் இல்லாத முட்டைகளில் பெரும்பாலானவை தப்பவில்லை. தின்ற எதிரிகளில் முக்கியமானவை அதே இனத்தின் வேறு ஆண்கள்தான்! இடம் பிடிக்க வந்தவை, இருந்த முட்டைகளையும் தின்றிருக்கின்றன.

மழைக்காட்டு ஈரத்தை ஒரு மூங்கில் குழாய்க்குள் அடைத்து வைத்துக்கொண்டு குஞ்சு பொரிக்கும் தவளை. குளம் வேண்டாம் என்று ஆன ஒரு பேரினம் போகக்கூடிய தூரம் இது. இந்த நாணல் மூங்கில் கூடை முடையவும் காகிதக் கூழுக்கும் வெட்டப்படுவது. காப்பகத்துக்குள் பிரச்சினை இல்லை. வெளியே வெட்டும் இடங்களில், முட்டை இருக்கும் மழை மாதங்களையாவது விட்டுவைக்க வேண்டும்.

கீழே வரும் வழியில் நண்பர் இன்னொரு குரலைக் கேட்டு நின்றார். ராவோர்கெஸ்டெஸ் இல்லை, சூடோஃபிலாட்டஸ் காணி என்ற இனமாக இருக்கலாம் என்றார். காணி மக்களின் பெயரைக் கொண்ட, தெற்கு மலைகளுக்கே உரிய இனம். கடல் மட்டம் தாழ்ந்திருந்த காலங்களில் இந்தியாவும் இலங்கையும் நிலத்தால் இணைந்திருந்தன. இங்கிருந்து போன கிளை அங்கே பெருகியது. அதில் ஒரு பகுதி மறுபடியும் இங்கே வந்தது. இந்தியாவில் உள்ள சில சூடோஃபிலாட்டஸ் இனங்கள் அப்படித் திரும்பி வந்தவைதான்.

மேகமலை இந்தப் பயணத்தில் விட்டுப்போயிற்று. அந்தப் பக்கம் இருப்பவர்கள் யாராவது இரவில் புதர்த் தவளைக் குரலைப் பதிவு செய்தால், இடமும் தேதியும் கடல் மட்டத்திலிருந்து உயரமும் சேர்த்துக் குறித்து வையுங்கள். தவளையைப் பிடிக்க வேண்டாம், குரல் போதும். நாளை காலை எட்டு மணி வண்டிக்கு நாங்கள் அம்பாசமுத்திரம் இறங்குகிறோம்.